மந்திரிக்கு ஒரு வடை

கதவைத் திறந்ததுமே வைத்தியநாதன் மந்திரியைக் கண்டுபிடித்துவிட்டார். முழங்கை நைந்த சுவெற்றரோடு, பெல்மோரா ஹைகொமிஷன் வரவேற்பறையின் மூலைக் கதிரையில் மனுசன் ஒன்றும் அறியாதவர் போலக் குந்தியிருந்தார். வைத்தியநாதனைக் கண்டதும் சடாரென்று எழுந்து வேறு நின்றார்.

என்ன நடிப்பு, என்ன நடிப்பு!

மனைவி கனகவல்லியின் தம்பி குலசேகரம் காலையிலேயே சொல்லித்தான் அனுப்பியிருந்தான். "அத்தான், பெல்மோரா சின்னத் தீவு. ஆனா மந்திரி பெரிய விண்ணன், சரியான கெட்டிக்காரன். கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழ்ச் சனத்தின்ர பேரன். இன்ரவியூவுக்கு வாற ஆக்களோட வெளியில சாதாரண ஆள் மாதிரி இருந்து கதைச்சுப் பாத்துத்தான் எடுக்கிறவராம்." சொன்னதோடு நில்லாமல் தன் கல்யாணக் கோட்டையும் எடுத்து இவருக்கு மாட்டிவிட்டான்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிப்பித்த வைத்தியநாதனுக்கு, எண்பத்துநாலில் லண்டன் வந்த நாள் முதல் டூட்டிங் பெற்றோல் ஷெட்டில்தான் வேலை. பெல்மோராக் குடியரசின் அபிவிருத்தி ஆலோசகர் பதவி கிடைத்தால் படித்த படிப்புக்கு ஒரு மரியாதை. கிடைக்காவிட்டால்? கனகவல்லி விம்பிள்டன் கோயிலில் எல்லாருக்கும் சொல்லியாயிற்று. பிறகு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க முடியாது.

"இருங்கோ, இருங்கோ. ஒரு வடை சாப்பிடுங்கோ." பார்சலை நீட்டினார். எங்கேயும் வெறுங்கையோடு போகக்கூடாது என்பது கனகவல்லியின் சட்டம். "லஞ்சமெண்டு நினையாதேங்கோ. வெறும் உளுந்து வடை."

மந்திரி மிரண்டுபோய் ஒன்றை எடுத்தார். "ரொம்ப நன்றிங்கய்யா."

ஐயாவாமே! ஒரு மந்திரிக்கு இவ்வளவு பணிவா என்று வைத்தியநாதனுக்குப் புல்லரித்தது. இனி விடுவாரா?

"பெல்மோராவில ஏர்போர்ட் கட்டப் போகினமாம். விசர் வேலை! பிடிச்ச மீன் மத்தியானத்துக்குள்ள நாறிப்போகுது. முதல்ல ஊருக்கூர் ஐஸ் பக்டரி போடோணும். மீன் பழுதாகாட்டி மீனவன்ர கையில காசு புழங்கும், அவன் வரி கட்டுவான். ஏர்போர்ட் பிறகு தானா வரும்."

"ஐஸா..." மந்திரிக்கு வடை வாயிலேயே நின்றது.

"மந்திரிமாருக்குப் புதுக் கார் வாங்கிறதையும் நிப்பாட்டோணும். அந்தக் காசில பள்ளிக்கூடங்களுக்குக் கூரை போடலாம்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. மந்திரியிடமே மந்திரி காரைப் பறிப்பதா? வாய் கொழுத்துப் போச்சு என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

ஆனால் எதிரே இருந்தவர் கோபிக்கவில்லை. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் கார் விஷயத்தை இன்னொரு தடவை சொல்லுங்கய்யா," என்றார்.

வைத்தியநாதன் சொன்னார். துறைமுகம், கிளாக்கர்மாருக்குச் சம்பளம் என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னார். மந்திரி பள்ளிப் பிள்ளை மாதிரித் தலையாட்டிக் கேட்டார்.

உள் கதவு திறந்தது. ஒரு வெள்ளைக்காரப் பெண் எட்டிப் பார்த்துச் சைகை காட்டினாள். மந்திரி வாயைத் துடைத்துக்கொண்டு, வைத்தியநாதனைக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தாயிற்று! இனி இன்ரவியூ வெறும் சடங்கு. "நாளையில இருந்து நான் வரேல்லை" என்று பெற்றோல் ஷெட் முதலாளியிடம் சொல்லப்போகும் வசனத்தை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். இனித்தது.

கதவு மறுபடியும் திறந்தது. மந்திரியே நேரில் வந்தார், முகமெல்லாம் பல். வைத்தியநாதன் மச்சானின் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

அவர் ஓடிவந்து வைத்தியநாதனின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஐயா, நீங்க சொன்னதை அப்படியே உள்ள மந்திரிகிட்ட ஒப்பிச்சேன், வேலை எனக்கே கெடச்சிருச்சு!"