முழு வேகத்தில் ஒரு ஃபேன்

“அது லேப்டாப்பா, மாவு மில்லா?” என்று ஹாலில் இருந்தே கேட்டான் கணவன்.

உள்ளறையில் இருந்து பதில் சொல்லியிருந்தாலும் அவன் காதில் விழுந்திருக்காது. மனைவியின் கேமிங் லேப்டாப் அப்படி இரைந்துகொண்டிருந்தது. வீடுகளுக்கு அலமாரி, சமையலறை எல்லாம் படமாக வரைந்து கொடுப்பது அவள் வேலை. அதற்குச் சாதாரண லேப்டாப் தாங்காது என்று வாங்கியது. பகலெல்லாம் வரைவாள். சாயங்காலம் விளையாட உட்கார்ந்துவிடுவாள். வரையும்போது முனகிக்கொண்டு கிடக்கிற அதன் ஃபேன், விளையாடும்போது மட்டும் தொண்டை கிழியக் கத்தும்.

சத்தத்தைக்கூட அவன் பொறுத்துக்கொண்டிருப்பான். அதற்கு நடுவே அவள் சிரிப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

திரையில் இரண்டு லாரிகள் மலைப்பாதையில் முன்னும் பின்னுமாகப் போகும். பின்னால் போவது இவள். முன்னால் போவது எங்கிருந்தோ விளையாடுகிற யாரோ ஒரு ஆள். திரையில் அவன் பெயர் ‘கழுகு’. ஹெட்போன் மாட்டினால் காது வலிக்கிறது என்று இவள் ஸ்பீக்கரில்தான் பேசுவாள். ஆனாலும் அந்த இரைச்சலில் கழுகு பேசுவது ஒரு வார்த்தை வெளியே கேட்காது.

“யாரு அந்தக் கழுகு?” என்று ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டான்.

“கூட விளையாடுறவருங்க.”

“என்ன வயசு இருக்கும்?”

“வயசு கேட்டுட்டுதான் வண்டி ஓட்டணுமா?” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

‘விளையாடுறவர்’ என்ற அந்த மரியாதை அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. கல்யாணம் ஆனதிலிருந்து அவன் சொன்ன ஒரு ஜோக்குக்கும் அவள் அப்படி விழுந்து விழுந்து சிரித்ததில்லை. பொறாமையாக இருந்தது. பயமாகவும் இருந்தது. ஏற்கெனவே அப்பா அவனோடு பேச்சை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது. எப்போது போன் பண்ணினாலும், பட்டப்பகலில்கூட, “அப்பா தூங்குறாருடா” என்பாள் அம்மா. இவளும் மனசு விட்டுப் போய்விட்டால் அவனுக்கென்று யார் இருக்கிறார்கள்?

ஃபேன் அடங்கினால் கழுகின் வண்டவாளம் வெளியே வந்துவிடும் என்று அவன் கணக்குப் போட்டான். லேப்டாப்பின் பின்பக்கத்தைத் தூக்கி இரண்டு தடிப் புத்தகங்களை முட்டுக்கொடுத்தான். அடியில் வைக்கிற கூலிங் பேடு ஒன்றும் வாங்கி வந்தான். மறுநாளே இரண்டும் அலமாரி மேல் கிடந்தன. ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போகட்டுமா என்றால், “எனக்குப் பழகிடுச்சு, விடுங்க” என்றாள். விசைப்பலகை தோசைக்கல்லாய்ச் சுடுகிறது, இதில் பழகுவதற்கு என்ன இருக்கிறது? அவன் சந்தேகம் இன்னும் முற்றியது.

கடைசியில் லேப்டாப்பே அவன் பக்கம் சாய்ந்தது. பாதி வரைந்த ஒரு சமையலறையோடு, சூடு தாங்காமல் பொசுக்கென்று தானே அணைந்துவிட்டது. அவள் வேண்டாம் என்று சொல்வதற்குள் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு கடைக்குப் போய்விட்டான்.

மெக்கானிக் அடித்தகட்டைக் கழற்றினார். காற்று போகிற வழியெல்லாம் தூசி கம்பளியாய் அடைத்திருந்தது. ஊதிச் சுத்தம் செய்து, சூட்டைக் கடத்தத் தடவியிருந்து காய்ந்துபோன பேஸ்ட்டைச் சுரண்டிப் புதிதாகத் தடவி, மூடி, ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்தார்.

“சூட்டுக்குத் தூசிதான் காரணம் சார். ஆனா சத்தத்துக்கு அது மட்டும் இல்ல. ஒரு பட்டனை அமுக்கினா ஃபேன் முழு வேகத்துல ஓடுற மாதிரி யாரோ மாத்தி வச்சிருக்காங்க. சூடே இல்லைன்னாலும் கத்தும்.”

அப்படியானால் இத்தனை நாள் வேண்டுமென்றேதான் கத்த விட்டிருக்கிறாள். அந்த ஏற்பாட்டையும் எடுத்துவிடச் சொன்னான்.

அன்று சாயங்காலம் தலைவலி என்று சொல்லி ஹால் சோபாவில் முகத்தை மூடிப் படுத்துக்கொண்டான். உள்ளே விளையாட்டு ஆரம்பித்தது. ஃபேன் மூச்சு காட்டவில்லை. பூனைபோல நடந்து போய் உள்ளறைக் கதவில் கை வைத்தான். கழுகையும் அவளையும் சேர்த்துக் கேட்க வேண்டிய கேள்விகளை மனசுக்குள் வரிசையாக அடுக்கி வைத்திருந்தான்.

“என்னம்மா, உன் பக்கம் இரைச்சலே காணோம்? அவன் காதுல விழுந்துடப் போகுது.”

கணீரென்ற அந்தக் குரலைக் கேட்டதும் அவன் கதவைத் தள்ளவில்லை.

“ரிப்பேர் பண்ணிட்டு வந்துட்டார். பட்டனை அமுக்கிப் பார்த்தேன், ஒண்ணும் ஆகல. தலைவலின்னு ஹால்ல படுத்திருக்கார், மெதுவா பேசுங்க.”

“தலைவலியா? மாத்திரை போட்டானா? ராத்திரி கண்ணு முழிக்க வேண்டாம்னு சொல்லு. ஆனா நான் விசாரிச்சேன்னு மூச்சு விடாதே. எனக்கு முட்டி தேஞ்சுடுச்சுன்னு சாக்குச் சொல்லி என் லாரியை வித்தவன் அவன். அவன்கிட்ட எனக்குப் பேச்சு கிடையாது. இது அவனுக்குத் தெரிஞ்சா அன்னியோட இந்த வண்டியையும் நிறுத்திடுவேன்.”

“சொல்ல மாட்டேன் மாமா. நீங்க இறக்கத்தைப் பாத்து ஓட்டுங்க.”

அவன் கதவிலிருந்து கையை எடுத்தான். பொறாமை போகவில்லை, ஆனால் இப்போது அது அவள் மேல். ஓசைப்படாமல் சமையலறைக்குப் போய், ஒன்றுமே போடாத மிக்சியை முழு வேகத்தில் ஓடவிட்டான், அப்பா பயப்படாமல் பேசட்டும் என்று.