இருபத்தைந்து கிலோ

சுதேஷ் நீட்டிய போனைப் பார்த்ததும் தனபாலனுக்கு முகம் சிவந்துவிட்டது.

வீடியோவில் ஓடுவது அவருடைய சைக்கிள். ஐம்பத்தெட்டாம் ஆண்டு அவருடைய அப்பா வாங்கியது. ஓட்டுவது ரிஸ்மி, அதைப் பழுது பார்க்கக் கொடுத்திருந்த கடைக்காரன். அவன் முதுகில் ஓர் அரிசி மூட்டை, கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது.

"ஒரு நாள் இல்லண்ணே. மூணு வாரமா விடிஞ்சா இதே வேலைதான். கெலிஓயா வரைக்கும் போயிட்டு வர்றான்" என்றான் பக்கத்து வீட்டு சுதேஷ். "உங்க சைக்கிள்ல அரிசி வியாபாரம் நல்லா நடக்குது."

அந்தச் சைக்கிளில் மணி, விளக்கு, செயின் கவர் எல்லாமே இங்கிலாந்திலிருந்து வந்தபடி அப்படியே இருந்தன. தோல் சீட்டின் பக்கவாட்டில் கம்பனி முத்திரைகூட அழியவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை பேராதனையிலிருந்து கண்டிக்குப் பழைய சைக்கிள் ஊர்வலம். எல்லாப் பாகமும் அசலாக இருந்தால் பரிசு உண்டு. கம்பளை நகரசபையில் முப்பது வருடம் கிளார்க்காக இருந்த தனபாலனுக்கு, அப்பாவின் சைக்கிளில் கண்டிக்குள் நுழைய வேண்டும் என்று ஒரே ஆசை.

ஆனால் பத்து வருடமாக யாரும் உட்காராத சீட், காய்ந்து பலகையாகியிருந்தது. அவருக்கோ ஆறு மாதத்துக்கு முன்புதான் மூலத்துக்கு ஒபரேசன் நடந்திருந்தது. மனைவி அன்னலட்சுமியைத் தவிர யாருக்கும் தெரியாது. கொழும்பில் மகள் வீட்டுக்குப் போயிருந்ததாகத்தான் தெருவில் சொல்லி வைத்திருந்தார்.

சைக்கிளைக் கொடுத்த அன்று ரிஸ்மியிடம் மட்டும், கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்தி விசயத்தைச் சொன்னார். புது சீட் வேண்டாம், மேலே பஞ்சு உறை வேண்டாம். சீட்டும் மாறக்கூடாது, தனக்கும் வலிக்கக்கூடாது. முடியுமா என்று கேட்டார். ரிஸ்மி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு மாதம் தவணை கேட்டான்.

அந்த நம்பிக்கைக்கு இதுவா கைமாறு?

தனபாலன் நேரே கடைக்குப் போனார். பக்கத்து டீக்கடையில் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

"உன்கிட்ட சைக்கிளைக் குடுத்தது பழுது பார்க்க. மூட்டை சுமக்க இல்ல."

ரிஸ்மி வாயைத் திறந்தான். டீக்கடைப் பக்கம் பார்த்தான். மூடிக்கொண்டான். சீட்டைத் துணியால் துடைத்து, சைக்கிளை வெளியே கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தான். இன்னும் நாலு நாள் இருந்தால் நல்லது என்று மட்டும் சொன்னான். அதற்கும் ஏச்சுத்தான் கிடைத்தது.

அன்று சாயங்காலமே இரண்டு பேர் வந்து, பழுதுக்குக் கொடுத்திருந்த தங்கள் சைக்கிள்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தனபாலன் பேராதனையில் ஏறி உட்கார்ந்தார். வலிக்குமென்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவருக்கு நம்ப முடியவில்லை. சீட் அவரை ஏந்திக்கொண்டது. கண்டி வந்தது, குளத்தையும் ஒரு சுற்றுச் சுற்றியாயிற்று. வலியே இல்லை. நெஞ்சை நிமிர்த்தி, மணியை அடித்துக்கொண்டு வந்தார். வழியெல்லாம் படம் எடுத்தார்கள். முதல் பரிசு அவருக்குத்தான்.

பரிசு கொடுத்த நடுவர் வீரசிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர், பழைய சைக்கிள்களோடே காலம் கழித்தவர். குனிந்து சீட்டின் அடியைத் தடவிப் பார்த்தார்.

"ஒரு ஓட்டை போடேல்லை, பஞ்சு வைக்கேல்லை. அடியால மெழுகும் எண்ணெயும் ஊட்டிப்போட்டு, ஆரோ நாள்தோறும் இதில ஏறி ஓடி ஓடித் தோலைப் பழக்கியிருக்கினம். அதுக்கு வேற வழி இல்லை. உங்கட எடை என்ன?"

"எண்பத்தஞ்சு கிலோ."

"அப்ப ஓடினவரும் எண்பத்தஞ்சுதான். தோல், ஏறி இருக்கிற ஆளின்ர பாரத்துக்குத்தான் வளையும்."

தனபாலன் மனதுக்குள் கணக்குப் போட்டார். ரிஸ்மி ஒல்லி. மிஞ்சிப் போனால் அறுபது கிலோ இருப்பான். அரிசி மூட்டை இருபத்தைந்து. அதைப் பின்னால் கரியரில் வைத்திருந்தால் பாரம் சக்கரத்துக்குப் போயிருக்கும், சீட்டுக்கு வந்திருக்காது. சைக்கிளைக் கொடுத்த அன்று ரிஸ்மி அவருடைய எடையைக் கேட்டது இப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

சைக்கிளை லொறியில் ஏற்ற வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, அதிலேயே கம்பளைக்கு வந்தார். கடை வாசலில் இறங்கினார். டீக்கடையில் அன்றைக்கு நின்ற ஆட்களே நின்றிருந்தார்கள்.

"ஏன் தம்பி சொல்லல?" என்று கேட்டார்.

ரிஸ்மி அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெதுவாகப் பேசினான்.

"அத்தன பேரு நின்னாங்களே ஐயா. உங்க எடைக்குப் பழக்கிறேன்னு சொன்னா, ஏன் அவரே ஓடிப் பழக்க மாட்டாரான்னு கேப்பாங்க. அதுக்கு என்னால பதில் சொல்ல ஏலாதே. நீங்க நம்பிச் சொன்ன விசயம்."

தனபாலன் பரிசுக் கிண்ணத்தை அவன் கையில் வைத்தார். பிறகு டீக்கடைப் பக்கம் திரும்பி நின்று, தலையை நிமிர்த்திக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்:

"எனக்கு மூலத்துக்கு ஒபரேசன் நடந்தது. இந்த சீட்ல என்னால உட்கார முடியாம இருந்தது. மூணு வாரமா இவரு முதுகுல நீங்க பார்த்த மூட்டை, நான்தான்."