நான்காவது ஜோடி

முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த செங்கமலத்துக்குப் பல்கலைக்கழகக் கணினியே தலைப்பைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது: ‘பாடம் சொல்லும் கருவியும் இரட்டைக் குழந்தைகளின் படிப்பும்.’

இருபது வருடத் தரவு தயாராக இருந்தது. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு குழந்தைக்கு நல்ல கருவி. மற்றதற்கு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே, பாதிப் பாடத்தை விழுங்கிவிடும் கருவி. பெற்றோரிடம் யாரும் மூச்சுவிடவில்லை.

நான்காவது ஜோடியில் அவள் பெயர் இருந்தது. விழுங்கும் கருவி போயிருந்தது, அவளோடு பிறந்த பூங்கொடிக்கு. பத்தாம் வகுப்பில் மூன்று முறை தோற்றவள். ‘மக்கு’ என்று வீடே ஏசியது, செங்கமலமும் ஏசியிருக்கிறாள். இன்று திருப்பூரில் பனியனுக்குப் பிசிறு வெட்டுகிறாள்.

“சொந்தக் குடும்பமே தரவுல இருக்கு! யாருக்கும்மா கிடைக்கும்?” என்றார் நெறியாளர்.

செங்கமலம் சீறினாள். “அவ மக்கு இல்ல சார். மக்காக்கிட்டாங்க.”

படிவத்தில் தலைப்பை அடித்துவிட்டு எழுதினாள்: ‘பூங்கொடியைப் பாழாக்கக் கையெழுத்துப் போட்டவர்கள் யார்?’

“இதுக்கு அனுமதி கிடைக்காதும்மா.”

“நான் அனுமதி கேக்கல சார்.”

வெளியே வந்து தங்கைக்குப் போன் போட்டாள்.

“சொல்லுக்கா, வேலையில இருக்கேன்” என்றாள் பூங்கொடி.

அவ்வளவு நேரம் சீறிய வாய், மன்னிப்புக் கேட்பதற்குப் பதில், “சாப்பிட்டியாடி?” என்று கேட்டது.