குதிக்கக் கூடாத கறுப்பு

நாலு மாசம் கழித்து என் வீட்டு கேட்டில் கை வைக்கிறேன்.

“என்ன பெரியவரே, வீட்டுக்காரம்மா மன்னிச்சிட்டாங்களா?” என்கிறான் பக்கத்து வீட்டுக்காரன்.

தெருவே அப்படித்தான் பேசியது. பேசட்டும் என்று விட்டுவிட்டேன். நாய்க்காக வீட்டை விட்டுப் போனேன் என்றால் இன்னும் சிரிப்பார்கள்.

கறுப்புக்கு நெஞ்சில் புழு. நாலு எட்டு வைத்தால் இருமிக்கொண்டு படுத்துவிடும்.

கொசு கடித்து வந்தது என்றாள் நாய் டாக்டர். சின்னப் பெண். கொசு கடித்தால் காய்ச்சல் வரும், புழுவா வரும்? யாரிடம் கதை விடுகிறாள்?

நாயின் ரத்தத்தில் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் காட்டினாள். நெளிந்தன.

புழு அந்த மெஷினிலேயே இருக்கும். என் விரலைக் குத்து என்று நீட்டினேன். என் ரத்தத்தில் ஒன்றும் நெளியவில்லை. அப்புறம்தான் ஊசிக்குச் சம்மதித்தேன்.

ஊசி புழுவைக் கொல்லுமாம். செத்த புழு துண்டு துண்டாக நுரையீரலுக்குப் போகுமாம். அந்தச் சமயத்தில் நாய் ஓடினாலோ குதித்தாலோ மூச்சடைத்துச் செத்துப்போகும், நாலு மாசம் கட்டிப் போடுங்கள் என்றாள்.

கட்டிப் போடலாம். என்னைப் பார்த்தால் சங்கிலியோடு குதிக்குமே. என் மனைவியைப் பார்த்தால் ஒரு காதை ஆட்டும், அவ்வளவுதான்.

அதனால் நான் லாரி ஷெட்டில் போய்ப் படுத்தேன்.

இன்று காலை மனைவி அதை ரத்தம் எடுக்கக் கூட்டிப் போனாள். அவர்கள் திரும்பிய பிறகு நான் போய்க் கேட்டேன். புழு இல்லை என்றாள் டாக்டர். இன்னொரு தரம் பார் என்றேன். பார்த்தாள். இல்லை.

கொஞ்சம் கொஞ்சமாக ஓட விடுங்கள் என்றாள்.

அதைக் கறுப்பிடம் யாரும் சொல்லவில்லை போல. கேட்டைத் திறந்ததும் என் மேல் வந்து மோதியது. தரையில் உட்கார்ந்துவிட்டேன். மூக்கு, காது, கண்ணாடி எல்லாம் எச்சில். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி மோதியது. பிடித்து நிறுத்தி அதன் நெஞ்சில் காதை வைத்தேன். புது இன்ஜின் மாதிரி ஓடியது. இருமலே இல்லை.

மனைவி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“தெனமும் சாயங்காலம் எதிர் மாடியப் பாத்துக்கிட்டே படுத்திருக்கும். வால் மட்டும் ஆடும். குதிக்கல,” என்றாள்.

அந்த மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குனிந்து நின்றால் நான் தெரியமாட்டேன் என்று நினைத்திருந்தேன்.