மூன்று கதவு அலுமாரி

ஆளை அலுமாரிக்குள் ஏற்றி அஸ்னா கதவைச் சாத்தவும், வாசலில் இஹ்ஸானின் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

"சத்தம் போட்டுராதீங்க" என்று பலகையில் வாயை வைத்துச் சொன்னாள். "என்ன நடந்தாலும் வெளிய வராதீங்க."

மருதமுனையில் அந்த வீடு அஸ்னாவுக்கு வாப்பா சீதனமாகக் கட்டிக் கொடுத்தது. வாப்பா மௌத்தாகி, அவரை அடக்கம் பண்ணி இரண்டு வருஷம். கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை.

இஹ்ஸானுக்கு வங்கியில் வேலை. யூடியூப் பார்த்து மரவேலை பழகி, படுக்கையறைச் சுவர் முழுவதையும் அடைக்கிற மாதிரி, மூன்று அறையாகத் தடுத்து ஒரு அலுமாரியைத் தானே அடித்துக்கொண்டிருந்தான். மூன்று மாதமாகச் சனியும் ஞாயிறும் அதே வேலைதான்.

"சிகரெட் இல்ல, ஊர்சுத்தல் இல்ல. லீவு நாளிலயும் பெண்டாட்டிக்கு அலுமாரி அடிக்கான். தங்கமான மாப்புள" என்று தெருவே அவனை மெச்சியது.

முதல் கதவைப் பொருத்திப் பூட்டிய அன்று அஸ்னாவின் சுண்டுவிரல் முறிந்தது. இரண்டாவது கதவு பூட்டிய பிறகு பத்து நாள் அவளால் மல்லாந்து படுக்க முடியவில்லை. இன்றைக்கு மூன்றாவது.

கல்முனையில் வாங்கிய கதவுப் பிணைச்சல் பொதியைக் கட்டிலில் போட்டுவிட்டு, இஹ்ஸான் சட்டைக் கையை மடித்தான். "வா, கதவப் புடி."

அவளைவிட உயரமான கதவு. இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிப் பிடித்தாள். அவன் பென்சிலால் அடையாளம் போட்டு, ட்ரில்லை வைத்தான்.

"அசைக்காத."

"அசைக்கல்ல."

"வாய் காட்டாத."

திருகாணி கோணலாக இறங்கியது. பிளைவூட்டின் ஓரம் சிலாம்பு சிலாம்பாகக் கிளம்பியது. இஹ்ஸான் ட்ரில்லை நிறுத்தி, மெதுவாக நிலத்தில் வைத்தான். அந்த மெதுவை அஸ்னாவுக்கு நன்றாகத் தெரியும். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

முதல் அடி மணிக்கட்டில் விழுந்தது. மிச்சமாய்க் கிடந்த சட்டத் துண்டு அவன் கையில் இருந்தது. இரண்டாவதும் அதே இடத்தில். பிடி நழுவி, கதவின் மூலை அவள் பாதத்தில் இறங்கியது.

"மூண்டு மாசமா மாடு மாதிரிக் கிடந்து அடிக்கன். ஒரு கதவப் புடிக்க ஏலாதா ஒனக்கு?"

முடியைக் கொத்தாகப் பிடித்து அவள் தலையை அலுமாரிச் சட்டத்தில் மோதினான். புருவம் பிளந்து இரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. அஸ்னா கத்தவில்லை. கத்தினால் அவன் ட்ரில்லை ஓட விடுவான். அயல்வீட்டுக்கு வேலைச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

"எண்ட உம்மாட்டப் போய் அழுதிருக்கா நீ. அவ எனக்கு அண்டைக்கே செல்லிட்டா. என்ன செல்லி அனுப்பின ஒன்ன? எண்ட மகன் அப்படிப்பட்டவன் இல்ல எண்டுதானே?"

"ஓம்" என்றாள் அஸ்னா.

அவன் சிரித்துக்கொண்டே இன்னொன்று வைத்தான். அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். முழங்கைக்குக் கீழே கை தன்னுடையது மாதிரியே இல்லை.

அப்போதுதான் அலுமாரிக்குள் இருமல் வெடித்தது. அடக்கி அடக்கிப் பார்த்து, மரத்தூள் விடாமல் வந்த இருமல்.

இஹ்ஸான் அப்படியே நின்றான். அலுமாரியைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"எவன்டி உள்ள?"

அவள் மற்றக் கையால் கண்ணில் வழிந்த இரத்தத்தைத் துடைத்தாள்.

"நான் கடைக்குப் போற நேரம் பாத்து எவன ஏத்தி வச்சிரிக்கா? செல்லு!"

வயிற்றில் உதைத்தான். அவள் இறால் மாதிரிச் சுருண்டாள். மறுபடி உதைத்தான். வாயில் உப்புக் கரித்தது. ஒரு நிமிஷம் அவளுக்கு எல்லாம் வெறுத்துவிட்டது. இவ்வளவையும் கேட்டுக்கொண்டு அந்த ஆள் உள்ளேயே இருந்துவிடுமோ? நாளைக்கு எதுவுமே தெரியாதது மாதிரி வீட்டுக்குப் போய்விடுமோ?

தலையை நிமிர்த்தினாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவனை அவள் அப்படி நேருக்கு நேராகப் பார்த்ததில்லை.

"திறந்து பாருங்க."

அந்தப் பார்வைதான் அவனை வெறிகொள்ள வைத்தது. கட்டிலுக்குக் கீழே கிடந்த சுத்தியலை எடுத்தான்.

"முதல்ல அவன்ட மண்டை. பொறகு ஒண்டது."

சுத்தியலைத் தலைக்கு மேலே ஓங்கியபடி முதலாம் கதவை இழுத்தான். அவன் அளந்து பூட்டிய கதவு, ஒரு கிறீச்சுக்கூட இல்லாமல் திறந்தது.

ஓங்கிய கை இறங்கவில்லை. சுத்தியல் விரல்களுக்குள் இருந்து நழுவி, அவனுடைய தோளில் பட்டு நிலத்தில் உருண்டது. அது வலித்ததாகவும் தெரியவில்லை.

தொங்கிய சாரிகளுக்கு நடுவே ஒரு ஃபோன் வெளிச்சம். அதைக் காதோடு பிடித்திருந்த ஒரு கை. அழுது வீங்கிய கண் இஹ்ஸானைப் பார்க்கவேயில்லை. அஸ்னாவின் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

மறுமுனையில் யாரோ பேச, உள்ளே இருந்தவள் குரலைத் திடப்படுத்திக்கொண்டு சொன்னாள்:

"பொலிசா சேர்? அடிக்கிறது எண்ட மகன்தான்... கெதியா வாங்க."