பஞ்சுத் தாடி

குரோம்பேட்டையில் செல்வமேரி வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலில் மூன்று இடையர்கள். போன வருடம் ஒருவரைப் பூனை தள்ளி உடைத்துவிட்டது. அந்த இடத்தில் மகன் எட்மண்டின் பழைய பிளாஸ்டிக் சண்டைவீரனுக்குப் பஞ்சில் தாடி ஒட்டி, துப்பாக்கிக் கையைத் துணியால் போர்த்தி நிறுத்தியிருந்தாள். சின்ன வயதில் அந்தப் பொம்மை பக்கத்தில் இல்லாவிட்டால் எட்மண்டுக்குத் தூக்கம் வராது. இப்போது ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்தவன் குடில் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பொழுது விடிந்தால் டிவியில் வீடியோ கேம்தான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பொம்மையைக் காணோம். போர்த்தியிருந்த துணி மட்டும் வைக்கோல்மேல் கிடந்தது.

"பொம்மைய எடுத்தியாடா?"

"எந்தப் பொம்மை?" அவன் தலையைத் திருப்பவில்லை.

அவள் டிவியைப் பார்த்தாள். சண்டைக்காரர்களுக்கு நடுவில் ஒருவனுக்கு வெள்ளைத் தாடி.

"இவன் யாரு?"

"தெரியலம்மா. இன்னிக்குத்தான் வர்றான். எந்த பட்டன அமுக்குனாலும் சண்டை போட மாட்டேங்கிறான். ஒரே பேஜார். நீ வந்ததுலேர்ந்து உன் பக்கமே பாத்துக்கினு நிக்கிறான்."

லீவு முடிந்ததும் எட்மண்ட் கேம் செட்டை எடுத்துக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். அன்று சாயங்காலம் செல்வமேரி குடிலைப் பிரித்து, இரண்டு இடையர்களையும் செய்தித்தாளில் சுற்றி வைத்துவிட்டு சோபாவில் உட்கார்ந்தாள். டிவி அணைந்திருந்தது. அதன் இருண்ட கண்ணாடியில் சோபா தெரிந்தது, அவள் தெரிந்தாள். அவளுக்குப் பக்கத்தில், பஞ்சுத் தாடியோடு அவன் நின்றுகொண்டிருந்தான்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள்.