இடது காதில் ஒரு குரல்

"பேசுதாக்கா?"

"எங்கடா பேசுது? ஊமைக் கோட்டானாட்டம் உக்காந்திருக்கு!"

போனில் தம்பி. ஆபீசில் இன்னும் ஒருவரும் வரவில்லை. வருவதற்குள் இந்தக் கம்ப்யூட்டரைப் பேச வைத்தாக வேண்டும். இல்லையென்றால் இன்றோடு அவள் சீட்டுக் கிழிந்துவிடும்.

"பதறாதே. பென்டிரைவைச் சொருகிட்டு ஆன் பண்ணதும், நான் சொன்ன பட்டனைத் தட்டிக்கிட்டே இருந்தியா?"

"தட்டினேன்டா. ஃபேன் சத்தம் பெருசா வந்து அடங்கிடுச்சு."

"அப்ப சிஸ்டம் வந்திடுச்சு. ஆல்ட், விண்டோஸ், எஸ். மூணையும் சேர்த்து அமுக்கு."

அமுக்கினாள். ம்ஹூம், மூச்சுப் பேச்சில்லை.

"இயர்போனை மைக் ஓட்டையில சொருகியிருப்பே. பக்கத்து ஓட்டைக்கு மாத்து."

பெட்டிக்குப் பின்னால் கையை விட்டாள். ஒரே வயர்க் காடு. எதையோ இழுத்து, எதையோ நகர்த்தி, ஒருவழியாகப் பக்கத்து ஓட்டை அகப்பட்டது. சொருகினாள். மறுபடி மூன்று பட்டன். இடது காதில் ஒரு குரல், மூக்கடைத்தவன் செய்தி வாசிப்பதுபோலக் கடகடவென்று கொட்டியது.

"பேசுதுடா!" என்றாள். அழுகை வந்துவிட்டது.

"அழாதேக்கா. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல நாம எதையும் ஏத்தல. எல்லாம் பென்டிரைவுலயே ஓடுது. சாயங்காலம் உருவிட்டா சுவடே இருக்காது. ஆனா ஸ்கிரீன் பாக்க வேற மாதிரி இருக்கும். யாராவது எட்டிப் பாத்தாங்க, மாட்டினே."

போன வாரம் கண் டாக்டர் கையை விரித்துவிட்டார். எழுத்தைப் பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கி இத்தனை நாள் ஓட்டியாகிவிட்டது. இப்போது எதிரே இருப்பதெல்லாம் வெறும் வெள்ளைப் புகை. டைப் அடிக்க விரல் போதும். அடித்ததைப் படிக்க?

வீட்டில் கணவர் படுத்த படுக்கை. இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. நேற்று மகள் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, "எப்படிம்மா இருக்கு?" என்றாள். "உனக்குன்னே தைச்ச மாதிரி இருக்குடி" என்று சொல்லிவிட்டு, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தம்பியைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரிந்தால் அவ்வளவுதான். கண் மங்கிப்போன ஸ்டோர் கிளார்க்கை முதலாளி ஒரே நாளில் கணக்கு முடித்து அனுப்பியதை ஆபீசே பார்த்தது.

ஆட்கள் வந்தார்கள். முடியை இழுத்து இயர்போனை மறைத்துக்கொண்டாள். வேலையை ஆரம்பித்தால், அட, ஓடியது! அவள் அடிக்க அடிக்கக் குரல் சொன்னது. பிழை விழுந்தால் காது கண்டுபிடித்தது. இரண்டு வருஷம் முன்னாலேயே தெரியாமல் போயிற்றே என்றிருந்தது.

அப்புறம்தான் மேனேஜர் வந்தார். ஆபீசில் அவருக்குப் பெயர் 'கழுகு'. நடக்கும்போது ஒவ்வொரு நாற்காலி முதுகிலும் கையை வைத்துக்கொண்டேதான் வருவார். தூங்குகிறவர்களைப் பிடிக்கிறாராம். எந்தக் கடிதத்தையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லாமல் விடமாட்டார். படிக்கிறவர் தொண்டை வறண்டுவிடும். பாடாய்ப் படுத்துவார் மனுஷன்.

அவளுடைய நாற்காலி முதுகில் கை விழுந்தது.

"அந்தப் புகாருக்குப் பதில் அடிச்சாச்சாம்மா? படிங்க."

அம்புக்குறியைத் தட்டினாள். காதில் குரல் ஒரு வரி சொல்லும். ஒரு மூச்சு தள்ளி அவள் அதையே சொல்வாள். "தங்கள் வீட்டுக்கு வந்த அலமாரி உடைந்திருந்ததற்கு வருந்துகிறோம்... வேறு அலமாரி அனுப்புகிறோம்... தாமதத்துக்கு வருந்துகிறோம்..."

"நில்லுங்க. வருந்துகிறோம் ரெண்டு தடவை வருது. ஒண்ணை எடுங்க."

எடுத்தாள்.

"மறுபடி படிங்க."

படித்தாள். போய்விடுவார் என்று நினைத்தாள். போகவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் டிராவல் பில்லைப் புரட்டிக்கொண்டு நின்றிருந்த முதலாளியின் மருமகன், "சார், நீங்களே ஒரு தடவை பாத்துடுங்களேன், பெரிய கஸ்டமர்" என்றான்.

மேனேஜர் குனிந்தார். அவர் மூச்சு அவள் கன்னத்தில் பட்டது. திரைக்கு அவ்வளவு பக்கத்தில் முகம்! வேறு மாதிரி இருக்கும் என்று தம்பி சொன்னானே. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவர் ஆயிற்றே. இதோ கேட்கப்போகிறார், 'இது என்னம்மா?' என்று. மகளும் கணவரும் நினைவுக்கு வந்தார்கள். கடவுளே, இந்த ஒரு மாசம் மட்டும் விட்டுவிடு என்று மனசு கெஞ்சியது.

வெகுநேரம் பார்த்தார்.

"ம். வரியெல்லாம் ஒழுங்கா, பளிச்சுன்னு இருக்கு" என்றார், மருமகனுக்கும் கேட்கும்படி. "அனுப்பிடுங்கம்மா."

இருவரும் நகர்ந்தார்கள். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அடுத்த சீட் கேஷியரக்கா நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள். "ஏண்டி, உனக்குப் பைத்தியமா, அவருக்குப் பைத்தியமா? உன் ஸ்கிரீன் வயர் பின்னாடி பிடுங்கிக்கிட்டுத் தொங்குது. நான் வந்ததுலேருந்து கறுப்பாத்தான் கிடக்கு. அதுல அவ்வளவு நேரம் என்னத்தைப் பாத்தாரு அந்த மனுஷன்?"

ஒவ்வொரு நாற்காலியாகத் தொட்டுக்கொண்டு வரும் அந்தக் கை அவளுக்கு நினைவுக்கு வந்தது. கேஷியரக்காவின் கையைத் துழாவிப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவாப் பேசுங்கக்கா... பாவம், சாரைப் பத்தி யாருக்கும் தெரிஞ்சிடக் கூடாது."